டப்பா அக்கா சொன்ன பதில்

'சரியாயிடும்' என்ற வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. உடம்பு சரியில்லாத குழந்தையைப் பார்த்தால் யாராக இருந்தாலும் சொல்லிவிடுகிற வார்த்தை அது. ஊசி போடுகிற நர்ஸ் சொல்வார், விபூதி போடுகிறவர் சொல்வார், ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடுகிற ஆட்டோக்காரர்கூடச் சொல்லிவிட்டுத்தான் வண்டியைத் திருப்புவார். அவள் மட்டும் சொல்ல மாட்டாள். "இன்னாக்கா, சரியாயிடும்ல?" என்று நாமே எடுத்துக் கொடுத்தாலும், "தெரியலம்மா. உப்பு சக்கரத் தண்ணி மட்டும் நிறுத்தாத" என்பாள். இதனாலேயே எங்கள் குப்பத்தில் பாதிப் பேருக்கு அவளைப் பிடிக்காது.

அவளுக்குப் பெயர் இருந்தது. கழுத்தில் தொங்கிய அட்டையில் எழுதியும் இருந்தது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்களுக்கு அவள் டப்பா அக்கா.

சின்னக் குழந்தைகளுக்கு வருகிற பேதி எந்தக் கிருமியால் வருகிறது, அந்தக் கிருமியிலும் எந்த ரகம் இப்போது ஊரில் சுற்றுகிறது என்று கண்டுபிடிக்கிற ஓர் ஆராய்ச்சிக்காக அவள் வேலை பார்த்தாள். அதற்குக் குழந்தையின் மலம் வேண்டும். கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுப்பாள். மூடியின் உள்பக்கத்திலேயே ஒரு குட்டிக் கரண்டி ஒட்டியிருக்கும். தோளில் நீல நிற ஐஸ் பெட்டி. தலையில் துப்பட்டா. மயிலாப்பூர்ப் பக்கம் எங்கேயோ வீடு, அண்ணன்மார் தையல் வேலை என்று ஒருமுறை சொன்னாள். பெசன்ட் நகர் பஸ்ஸில் வந்து இறங்கி, மீன் விற்கிற பெண்களைத் தாண்டித்தான் எங்கள் சந்துக்குள் நுழைய வேண்டும். அவர்கள் முன்னாலும் ஐஸ் பெட்டிதான்.

"இன்னாக்கா, ஐஸ்ல இன்னா மீனு வெச்சிக்கினு கீற?"

"வஞ்சிரம். கவிச்சி கொஞ்சம் ஜாஸ்தி. எடுத்துக்கிறியா?"

"ஐயே, நீயே வெச்சிக்க தாயி!"

அத்தனை பேரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். வெயில் நாளில் அவள் பெட்டியில் ஐஸ் கரைந்துவிட்டால் அந்தப் பெண்களேதான் மீன் மேல் கிடக்கிற ஐஸை அள்ளி ஒரு கவரில் கட்டிக் கொடுப்பார்கள். காசு வாங்க மாட்டார்கள். மறுநாள் மறுபடி அதே கேள்வி கேட்பார்கள்.

எந்த வீட்டிலும் அவள் தண்ணீர் குடிக்க மாட்டாள். டீயும் வேண்டாம் என்பாள். முதலில், நம் வீட்டில் குடிக்க அவளுக்கு அருவருப்பு என்றுதான் நினைத்தார்கள். கேட்டால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவாள். "வருஷம் பூரா நோன்பாக்கா?" என்று ஒருத்தி மடக்கியபோதுதான் காரணத்தைச் சொன்னாள். "காலைல கெளம்பினா சாயந்திரம்தான் வீடு. நடுவுல தண்ணி குடிச்சா எங்கம்மா போறது?"

என் மாமியார் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "ஊரு பீயெல்லாம் டப்பால வாங்கிக்கினு போறவளுக்கு, ஒண்ணுக்குப் போக ஒரு எடமில்ல பாருடி!"

அவளுக்கென்று ஒரு பழக்கம் உண்டு. டப்பா கொடுத்த வீட்டுக்கு அவள் திரும்பி வருவாள். பரிசோதனை முடிவு வர மாதக் கணக்கில் ஆகும். அதற்குள் குழந்தை குணமாகி, நடக்க ஆரம்பித்து, வாசலில் மண்ணை அள்ளித் தின்றுகொண்டிருக்கும். அவள் வந்து நின்று, "உன் புள்ளைக்கு அப்ப வந்தது இந்த ரகம்" என்று சொல்லிவிட்டுப் போவாள். அதைச் சொல்லச் சொல்லி அவளுக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. எங்களிலும் யாரும் கேட்கவில்லை.

"போன மழைல போன பேதிக்கு இப்ப வந்து சேதி சொல்றா பாரு."

"வாங்கினு போனேன் இல்ல? வாங்கினா பதில் குடுக்கணும்" என்பாள். அவ்வளவுதான் அவள் நியாயம்.

ரகத்தின் பெயர் ஓர் எழுத்தும் ஓர் எண்ணுமாக இருக்கும். ஜி ஒன்று, ஜி இரண்டு, ஜி ஒன்பது என்று. ஒருநாள் நான் தயங்கித் தயங்கி, அது என்னக்கா என்று கேட்டேன். நான் யாரிடமும் எதையும் கேட்கிறவள் இல்லை. பத்தாவது வரை படித்திருக்கிறேன் என்றாலும், வெளி ஆள் முன்னால் எனக்கு வாய் வராது. அவளிடம்தான் கொஞ்சம் வந்தது.

"பஸ் நம்பர் மாதிரி நெனைச்சுக்கோ" என்றாள். "பாக்க எல்லாம் பஸ்ஸுதான். எது எங்கேர்ந்து கெளம்பிச்சு, எந்தத் தெருவுல நின்னுச்சு, யாரை ஏத்திக்கினு போச்சுன்னு நம்பரைப் பாத்தாத்தானே தெரியும். நம்பர் தெரிஞ்சா, அதுக்கு எந்தத் தடுப்பு மருந்து கேக்கும்னு பாக்கலாம்."

"பக்கத்து வூட்டு பாப்பாக்கு இன்னா நம்பருக்கா?"

"அது அந்த வூட்டுக்குச் சொல்ற பதிலு. உனக்கு எதுக்கு?"

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ஒரு வீட்டுப் பதிலை இன்னொரு வீட்டில் அவள் சொல்லவே மாட்டாள். தெரியாததைத் தெரியும் என்றும் சொல்ல மாட்டாள். இந்த இரண்டையும் குப்பத்தில் எல்லோரும் அறிவார்கள். அவளைத் திட்டுகிறவர்கள்கூட, "அவ வாயில பொய் வராதுமே" என்று சேர்த்துத்தான் திட்டுவார்கள்.

இதெல்லாம் என் மகன் பிறப்பதற்கு முன்னும், பிறந்த புதிதிலும் நடந்தவை.

அப்போது நான் பெசன்ட் நகரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே ஒரு பெண் குழந்தை. என் மகனுக்கும் அதற்கும் ஏறக்குறைய ஒரே வயது. காலையில் என் மகனை மாமியாரிடம் விட்டுவிட்டு, அந்தக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொள்வேன். சாயந்திரம் அதை இறக்கிவிட்டு வந்து இவனைத் தூக்கிக்கொள்வேன். ஒருமுறை அந்தப் பாப்பாவுக்கு வாந்தியும் பேதியும் வந்தது. துணிகளை நான்தான் துவைத்தேன். சில நாளில் அதற்கு நின்றுவிட்டது. அது நின்ற சமயத்தில் என் மகனுக்குத் தொடங்கியது.

"பல்லு மொளைக்குது, பேதியாவத்தான் செய்யும்" என்றாள் மாமியார். பிறகு, தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று தொக்கம் எடுக்கிற அம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனாள். அந்த அம்மா வாயில் ஊதி ஊதி எதையோ எடுத்துக் காட்டினார். அதற்குள் அவன் கண் உள்ளே போய்விட்டது. அழுதால் கண்ணீர் வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

வார்டில் டப்பா அக்கா இருந்தாள், அங்கேயும் அவளுக்கு டப்பா வேலைதான். எங்களைப் பார்த்ததும் வந்தாள். அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு டப்பாவை எடுத்தாள்.

மாமியாருக்கு வந்ததே கோபம். "புள்ள கண்ணு சொருவிக்கினு கெடக்குது, இவ பீய குடுன்னு வந்து நிக்கிறா! இத்த குடுத்தா எம்பேரன் எழுந்து ஒக்காந்துருவானா?"

"இல்ல ஆயா. இதனால உங்க புள்ளைக்கு ஒண்ணும் ஆவப்போறதில்ல. பின்னால வர்ற புள்ளைங்களுக்கு ஆவும்."

அப்படித்தான் சொன்னாள், மாமியார் முகத்துக்கு நேராக. நான் டப்பாவை வாங்கிக்கொண்டேன். மறுக்க எனக்குத் தெரியவில்லை என்பது ஒன்று. அவள் பொய் சொல்லவில்லை என்பது இன்னொன்று.

டப்பாவோடு சில கேள்விகளும் கேட்பாள். எல்லா வீட்டிலும் கேட்கிற அதே கேள்விகள். எப்போது ஆரம்பித்தது, தாய்ப்பால் உண்டா, எந்தத் தண்ணீர். கடைசியாக, "வூட்ல, அக்கம்பக்கத்துல, வேற எந்தக் கொழந்தைக்காவது இதே மாதிரி இருந்துச்சா?"

"நான் வேலை செய்ற வீட்டுப் பாப்பாவுக்கு இருந்துச்சுக்கா" என்றேன்.

மாமியார் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள். அதுவரை நான் வீட்டில் அதைச் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை. டப்பா அக்கா அந்த வீட்டு முகவரியைக் கேட்டு எழுதிக்கொண்டு, மாமியாரையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள்.

அன்று அவள் உடனே போகவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கரண்டியால் சொட்டுச் சொட்டாக உப்பு சர்க்கரைத் தண்ணீரை அவன் உதட்டில் விட்டுக்கொண்டிருந்தாள். அது அவள் வேலை இல்லை.

"பொழைச்சுக்குவானாக்கா?" என்று கேட்டேன்.

"தெரியலம்மா."

சுற்றியிருந்த எல்லோரும் பிழைத்துக்கொள்வான் என்றார்கள். மறுநாள் காலையில் என் மகன் போய்விட்டான்.

அவனைப் புதைத்துவிட்டு வந்த கொஞ்ச நாளிலேயே சந்து முழுக்கப் பேச்சு. மாமியார் மீன் கூடையை இறக்கி வைக்கும் இடத்தில் எல்லாம் அதைச் சொன்னாள். "அந்தப் பணக்கார வூட்டு சீக்க இடுப்புல தூக்கிக்கினு வந்து எம்பேரன் வாயில வெச்சிட்டாமே. ஆஸ்பத்திரிலயே ஒத்துக்கினா." என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. ஆனால் நான் போட்ட சோற்றைத் தொடவில்லை. அம்மா போட்டால் சாப்பிடுவார். கடலுக்குப் போகும்போது நான் கட்டிக் கொடுத்த தூக்கு, திறக்காமலே திரும்பி வரும்.

நான் அந்த வேலைக்குப் போவதை நிறுத்தினேன். கையைக் கழுவ ஆரம்பித்தேன். துணி சோப்பைப் போட்டுக் கழுவுவேன். கழுவி முடித்த கையை மோந்து பார்ப்பேன், மறுபடி கழுவுவேன். விரல் இடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் வந்தது. அந்தக் கைதானே துவைத்தது, அந்தக் கைதானே வந்து இவனைத் தூக்கியது என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. யாரும் இல்லாத நேரத்தில் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அதை டப்பா அக்கா ஒருமுறை தூரத்திலிருந்து பார்த்தாள். கிட்டே வரவில்லை.

நல்ல கோடையில் ஒருநாள் அவள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். செத்துப்போன பிள்ளையின் வீட்டுக்கு அவள் பதில் கொண்டுவருவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. மாமியார் வாசலில் கருவாட்டைப் பிரித்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் உள்ளே வலை தைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் இன்னாமே வாங்கணும் உனக்கு, எங்ககிட்ட?"

"வாங்க வரல ஆயா. குடுக்க வந்தேன்."

நான் கதவருகே வந்தேன். அவள் பார்வை என் கைகளில் விழுந்து அங்கேயே நின்றது. முந்தானையில் மறைத்துக்கொண்டேன்.

"உங்க புள்ளைக்கு வந்தது ஜி ஒன்பது" என்றாள்.

மாமியார் எழுந்து நின்றாள். எண்ணைப் பற்றி அவளுக்கு ஒரு அக்கறையும் இல்லை. "அந்த வூட்டு புள்ளைக்கு?"

டப்பா அக்கா பெட்டியின் வாரைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள். அது அந்த வூட்டுக்குச் சொல்ற பதிலு என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். எதிர் வீட்டில் இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"அந்தப் புள்ளைக்கு ஜி ரெண்டு" என்றாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "வேற ரகம் ஆயா. வேற பஸ்ஸு. உங்க பேரனுக்கு வந்த பஸ்ஸுல இவ ஏறவே இல்ல."

"நெசமாவா சொல்ற?"

"நான் எப்பவாச்சும் இந்தச் சந்துல பொய் சொல்லிக் கீறனா?"

மாமியார் உட்கார்ந்து மறுபடி கருவாட்டைத் திருப்பிப் போட ஆரம்பித்தாள். உள்ளே வலை தைக்கிற கை நின்றிருந்தது. நான் அழுதேன். மகன் போன அன்று அழுததைவிட அன்றுதான் அதிகம் அழுதேன். அவள் என்னைத் தொடவில்லை, தேற்றவில்லை.

அன்று சாயந்திரம் வீட்டுக்காரர் தட்டை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தார். மறுநாள் மாமியார் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை என் பக்கம் தள்ளி வைத்தாள்.

அதற்கு அப்புறம் எனக்கு மகள் பிறந்தாள். அவளுக்கும் ஒருமுறை பேதி வந்தது. நான் குப்பத்து வாசலுக்கே போய் டப்பா அக்காவுக்காகக் காத்திருந்து டப்பா வாங்கினேன். மாதங்கள் கழித்து வந்து, "ஒண்ணும் கெடைக்கலம்மா. எதனால வந்துச்சுன்னு தெரியல" என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. தெரியாததைத் தெரியல என்று சொல்கிறவள், எனக்குச் சொன்னதைத் தெரிந்துதான் சொல்லியிருப்பாள் இல்லையா.

பிறகு அவள் வரவு குறைந்தது. அந்த வேலை வேறு பக்கம் போய்விட்டது என்றார்கள். சொல்லிக்கொண்டுகூடப் போகவில்லை. இப்போது இந்தப் பேதிக்குக் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து வந்துவிட்டது. எங்கள் சந்தில் கைக்குழந்தைக்கு அதைக் கொடுக்கும்போதெல்லாம், பின்னால் வர்ற புள்ளைங்களுக்கு ஆவும் என்று அவள் சொன்னது ஞாபகத்துக்கு வரும். மாமியார் காலமாகிவிட்டாள். கடைசி நாட்களில் என் கையால்தான் கஞ்சி குடித்தாள்.

நான் இப்போது கடற்கரையில் சோளம் சுட்டு விற்கிறேன். போன மாதம் ஓர் அம்மா, வளர்ந்த மகளோடு வந்து நின்றார். எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது.

"அடி, நீயா! இவதாண்டி உன்னை இடுப்புலயே வச்சுண்டு அலைஞ்சவ."

அந்தப் பெண் உயரமாக இருந்தாள். மேல்படிப்புக்கு வெளிநாடு போகப் போகிறாளாம். "ஆன்ட்டி, நெறைய படுத்தினேனா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். என் மகனும் இந்த உயரம் இருந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டு, அவளுக்கு நல்ல இளம் சோளமாகப் பார்த்து எடுத்து நெருப்பில் வைத்தேன்.

அந்த அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உன் குழந்தை போனது தெரிஞ்சு எங்க எல்லாருக்கும் மனசே ஆறலை. நீயும் அப்புறம் வரவே இல்லை. அப்ப ஒருத்தி வந்தாளே, டப்பாவைத் தூக்கிண்டு. எங்க குழந்தையோட மோஷன் வேணும்னா."

"குடுத்தீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"எங்கே குடுக்கறது? இவளுக்குத்தான் நின்னே போச்சே. இவ அப்பாவும் வேண்டாம்னுட்டார். வாட்ச்மேன்கிட்டச் சொல்லி அனுப்பிச்சுட்டேன். மறுபடியும் ஒருநாள் வந்தா. கேட்டுக்கு வெளிலயே வெயில்ல ரொம்ப நேரம் நின்னுண்டிருந்தா, பாவம். அப்பவும் குடுக்கலை. எங்க தலைல வந்து விழுமோன்னு நாங்களும் பயந்துண்டுதானே இருந்தோம்?"

சோளம் கருகிவிட்டது. வேறொன்று எடுத்துச் சுட்டு, எலுமிச்சையில் மிளகாய்ப்பொடியைத் தொட்டுத் தேய்த்துக் கொடுத்தேன். அந்தப் பெண் வாங்கிக் கடித்துக்கொண்டே அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மணலில் இறங்கிப் போனாள்.

அந்த வீட்டுக் குழந்தைக்கு என்ன ரகம் என்று டப்பா அக்காவுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. இரண்டும் வேறு வேறா, ஒன்றேதானா, இந்தக் கை அதைக் கொண்டுவந்ததா இல்லையா, இனிமேல் யாரும் கண்டுபிடிக்கவும் முடியாது. எல்லோரிடமும் தெரியல என்று சொன்னவள், என்னிடமும் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

வீட்டுக்காரரிடம் நான் இதைச் சொல்லவில்லை. சொல்லப் போவதும் இல்லை. அவர் என் கையால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். ஆனால் சோளக் கடையை மூடிவிட்டுக் கை கழுவும்போது, போதும் என்று எப்போது நிறுத்துவது என்பது எனக்கு மறுபடி தெரியாமல் போயிருக்கிறது. அவளைத் தேடிப் போகலாமா என்று நினைத்தேன். போய் என்ன கேட்பது? கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாளே.

பதில் சொன்ன அன்றைக்கு, நான் அழுது முடிக்கும்வரை அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். கிளம்புகிறாள் என்று நினைத்தேன். "கொஞ்சம் தண்ணி குடும்மா" என்று கேட்டாள். சொம்பில் கொண்டுவந்து கொடுத்தேன். எந்த வீட்டிலும் ஒரு வாய் குடிக்காதவள், அண்ணாந்து கடைசிச் சொட்டுவரை குடித்தாள். இன்னொரு சொம்பும் வாங்கிக் குடித்தாள்.

நான் வெயிலுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.